மறதி நோயாளர் பராமரிப்பில் வாழ்க்கைக் குறிப்பு: கடைமடைப் பகுதியை முன்வைத்துப் பணியாளர் பயிற்சி

டிமென்ஷியா எனப்படும் மறதி நோயில் பெரும்பாலும் அண்மை நினைவுகளே முதலில் மங்குகின்றன. இளமை நினைவுகளும் தொழிற்பழக்கமும் நெடுநாள் எஞ்சுகின்றன. 2023இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 7.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. நோயைவிட நோயுற்ற மனிதரே முதன்மையானவர் என்பது டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து. முதியோர் இல்லப் பணியாளர் பயிற்சி இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. முறைத்தண்ணீர் நள்ளிரவில் வந்தாலும் எழுந்து சென்று மடை திறந்தாக வேண்டும். அவ்வாறு வாழ்ந்த உழவர் ஒருவர் இல்லத்தில் இரவில் எழுந்து வாயிலை நோக்கி நடப்பாராயின், அதனை ‘அலைதல்’ என்று மட்டும் பதிவுசெய்து கதவைத் தாழிடுவது பதற்றத்தையே வளர்க்கும். ‘வயல் எங்கே இருக்கிறது, படுங்கள்’ என மறுப்பதும் அத்தகையதே. வலி, பசி, சிறுநீர் உந்துதல் ஆகியன உண்டா எனப் பணியாளர் முதலில் அறிய வேண்டும். பின்னர், ‘எந்த வயலுக்கு ஐயா?’ என வினவி உடன் நடக்கலாம். குழப்பம் திடீரென மிகுந்தால் அது நோய்த்தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவருக்குத் தெரிவித்தல் இன்றியமையாதது.

எனவே சேர்க்கைப் படிவத்தில் நோய், மருந்து ஆகியவற்றுடன் ஊர், தொழில், உறங்கும் பழக்கம், வீட்டில் அழைக்கும் பெயர் ஆகியனவும் இடம்பெற வேண்டும். அப்படிவம் அலுவலக அறையில் தங்கிவிடாமல் இரவுப் பணியாளரைச் சென்றடையும்போதே பயிற்சி பயன் தரும்.