ஆமையில் ஒட்டியிருக்கும் அட்டை

மாரி பிறந்து, கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயத் தொடங்கினால், கரைவாகு வட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்துவிடும். வாய்க்காலில் இருந்து ஆமை கரையேறும். அதைப் பிடித்து மல்லாக்கப் புரட்டுவார்கள். கழுத்து மடிப்பிலும் கால் இடுக்கிலும் ஏதோ கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். "உம்மா, அட்டை!" என்று ஒருவன் கத்துவான். பிறகு வீட்டிலிருந்து உப்பு வரும், மண்ணெண்ணெய் வரும். சில வேளை மண்வெட்டியும் வரும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்த பிறகு, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் உள்ளே தள்ளிக் குடியேறின. அதற்கு முன்பே யுத்தத்தால் காணி பூமியை விட்டு வந்தவர்களும் உண்டு. வயலை நிரப்பிக் கட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு வாசலில் ஆமையைக் காண்பது புதுமையல்ல. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழியும் சேர்ந்துகொள்ள, பயம் இரட்டிப்பாகிறது. உண்மையில் ஆமை தன் பழைய பள்ளத்தைத் தேடித்தான் வருகிறது. அந்தப் பள்ளத்தின் மேல் இப்போது நமது குசினி இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அந்த அட்டை நம்மைப் பிடிக்குமா? நோய் தருமா?

நமது குளங்களில் காணப்படுபவை இரண்டு ஆமைகள். ஒன்று ஓடு தடித்த கறுப்பு ஆமை. மற்றது ஓடு வழுவழுப்பான பாலாமை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு தோல் மடலால் மூடிக்கொள்ளும். கறுப்பு ஆமையில் வாழும் ஒரு சிறிய அட்டையை, இலங்கையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, ஹார்டிங் என்பவர் 1909 இல் விபரித்து ஒசோபிராங்கஸ் ஷிப்லியை எனப் பெயரிட்டார். இதன் உடலின் இரு பக்கமும் விரல் போன்ற செவுள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தால் அவை அசைவது தெரியும். இவ்வட்டைக்குத் தாடை கிடையாது. ஊசி போன்ற குழலை மெல்லிய தோலுக்குள் செலுத்தி இரத்தம் எடுக்கும். அதனால்தான் அது ஓட்டை விட்டுவிட்டு மடிப்புகளைத் தேடுகிறது.

அதே காலத்தில் இங்கே வந்து ஆராய்ந்த மூரியல் றொபர்ட்சன் என்ற ஸ்கொட்லாந்துப் பெண்மணி, பாலாமையின் இரத்தத்தில் உள்ள ஒரு நுண்ணுயிர் அட்டையின் உடலுக்குள் எப்படி உருமாறுகிறது என்று காட்டினார். கறுப்பு ஆமையின் வேறொரு இரத்தக் கிருமிக்கு மேற்சொன்ன செவுள் அட்டையே தரகர் என்றும் எழுதினார். 1909, 1910 ஆம் ஆண்டுகளில் இவை வெளிவந்தன. பின்னர் அவர் உகண்டாவுக்குப் போய், மனிதரைக் கொல்லும் தூக்க நோயின் கிருமி ஈயின் உடலில் வளரும் விதத்தை ஆராய்ந்தார். நமது வாய்க்கால் ஆமையில் கற்ற பாடம் அங்கே கைகொடுத்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆமையின் அந்தக் கிருமிகள் ஆமையோடு நிற்பவை. மனிதருக்கு வருவதில்லை. செவுள் அட்டையும் நமது காலைத் தேடி வராது. கறுப்பு ஆமை மரக்கட்டையில் ஏறி வெயில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு சூடேறும், அட்டைகள் சில காய்ந்து விழவும் அது உதவும். ஆனால் இந்த இனம் இலகுவில் சாகாது. ஜப்பானில் ஆமைகளில் வாழும் இதன் உறவு அட்டை ஒன்றை, பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில் 24 மணித்தியாலம் வைத்து எடுத்தபோதும் உயிரோடிருந்ததாக 2014 இல் அறிவித்தார்கள்.

வயலில் நமது காலையும் எருமையின் மடியையும் பிடிப்பது வேறு அட்டை. பெரியது, மூன்று தாடைகள் உடையது. கடிக்கும்போது இரத்தம் உறையாமல் செய்யும் பொருளைச் செலுத்துவதால், அட்டை விழுந்த பிறகும் காயம் மணிக்கணக்காகக் கசியும். இதைக் கண்டு பதற வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். உப்பு, புகையிலை, நெருப்பு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது நல்லதல்ல. அட்டை துடித்துத் தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். மெல்லிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிறகு தடித்த முனையை விடுவியுங்கள். சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான். ஆறாத அந்தக் காயத்தோடு சேற்றில் இறங்கினால், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றலாம். அட்டையால் இறந்தவரைக் காண்பது அரிது. எலிக்காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விடும். விதைப்புக்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வயல் வேலை செய்வோருக்கு அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். காய்ச்சலும் தசைநோவும் வந்தால், வயலில் இறங்கியதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. குளத்துத் தண்ணீரை வாய் வைத்துக் குடிக்கும் மாட்டின் மூக்கில் குட்டி அட்டை ஏறி வளர்வதுண்டு. தெற்காசிய நாடுகளில் பிள்ளைகளுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. ஒரு பக்க மூக்கில் மட்டும் அடிக்கடி இரத்தம் வந்தால் வீட்டில் தோண்டிப் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

இனி, முற்றத்தில் மல்லாந்து கிடக்கும் அந்த ஆமை. அதன் அட்டையைப் பிடுங்கினால் தோலும் கிழிந்து வரும். மண்ணெண்ணெய் கண்ணிலும் வாயிலும் பட்டு அதை வதைக்கும். நத்தை, நண்டு, செத்த மீன் என்று தின்று தண்ணீரைத் துப்புரவாக்கும் பிராணி அது. சட்டத்தாலும் பாதுகாக்கப்பட்டது. நிமிர்த்தி, ஓட்டின் இரு ஓரத்தையும் பிடித்துத் தூக்கி, வந்த வாய்க்காலிலேயே விடச் சொல்லுங்கள். பாலாமை கழுத்தை நீட்டிக் கடிக்கும், கை கவனம். ஆமையின் உடலில் வயிற்றோட்டக் கிருமி இருக்கக்கூடும் என்பதால், திரும்பி வந்ததும் பிள்ளை சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும், சோற்றில் கை வைக்க முன்.