கஷாயமா? ஆஸ்பத்திரியா?

(இறுதியாண்டு, மெக்கானிக்கல்)



தலைவலிக்குச் சுக்குப் பத்து, வயிற்று வலிக்கு ஓமத் தண்ணி, சளிக்குத் துளசி, காய்ச்சலுக்கு நிலவேம்பு. இந்தப் பட்டியல் நம்மில் யாருக்குத்தான் தெரியாது? பாட்டி இருக்கிற வீட்டில் மெடிக்கல் ஷாப்புக்குப் பாதி வியாபாரம் குறைவுதான். இன்னொரு பக்கம், "இதெல்லாம் பட்டிக்காட்டு வைத்தியம்டா, ஒரு ஊசி போட்டா சரியாப் போச்சு" என்கிற கட்சியும் நம் ஹாஸ்டலில் பலமாகவே இருக்கிறது. இரண்டு கட்சிக்கும் சொல்ல எனக்கு ஒரே விஷயம்தான் உண்டு. கை வைத்தியம் நல்லதுதான். அது எந்த இடத்தில் முடிகிறது என்று தெரிந்து செய்தால்!

மெட்ராலஜி லேபில் பிளக் கேஜ் பார்த்திருப்பீர்கள். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: துளையின் அளவு சரியா என்று பார்க்கிற கருவி அது. ஒரு முனை 'கோ', மறுமுனை 'நோ-கோ'. கோ முனை துளைக்குள் போக வேண்டும், நோ-கோ முனை போகக்கூடாது. போனால் ஜாப் ரிஜெக்ட்! நம் உடம்புக்கும் இப்படி இரண்டு முனை வைத்துப் பார்த்தால் என்ன?

கோ முனை: வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

வயிற்றுப்போக்கு: ஹாஸ்டல்வாசிகளின் பழைய சொந்தக்காரர். இதில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் உடம்பை விட்டுப் போகிற நீரும் உப்பும்தான். போனதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். அதில் தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. அளவு ரொம்ப முக்கியம். உப்பு கூடினால் ஆபத்து. குடித்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக்கூடாது.

"உப்பு சரி, சர்க்கரை எதுக்கு? ருசிக்கா?" என்று கேட்கலாம். நம் குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிற வாசல் இருக்கிறது. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா வந்த குடலில்கூட இந்த வாசல் வேலை செய்யும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காள எல்லையில் உள்ள பன்காவ் என்ற ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்து போயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த கரைசலை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து, டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்தார். 30 சதவீத அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது! 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அம்மா கொடுக்கிற உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியிலும் இதே தத்துவம்தான். அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து உப்போடு சேர்ந்து உள்ளே போகிறது. கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கலர் கலரான இனிப்புப் பானங்கள் அந்த வேலையைச் செய்யாது. சர்க்கரை அதிகமானால் போக்கும் அதிகமாகும்.

சளி, தொண்டை வலி: "மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்" என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அதுதான் உண்மை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்தால் தொண்டைக்கு இதம். இரவு இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் நல்லது (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது). ஆவி பிடிப்பவர்கள், கட்டில் மேல் உட்கார்ந்து கொதிக்கிற வாளியில் குனியாதீர்கள். வாளி கவிழ்ந்து வெந்து போனவர்கள் நிறைய. ஹீட்டர் ராடு செருகிய வாளியின் பக்கமே போக வேண்டாம். இதற்காக மெடிக்கல் ஷாப்பில் "மூணு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் குடுங்கண்ணே" என்று கேட்பதும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சாதாரணச் சளி வைரஸால் வருவது.

பல்வலி: கிராம்பை வைத்துக் கடித்தால் வலி மரத்துப் போகிறது. அதில் யூஜினால் என்ற எண்ணெய் இருக்கிறது. பல் டாக்டரின் அறையில் வருகிற வாசனையும் அதுதான், தற்காலிகமாகப் பல் அடைக்கிற மருந்தில் அவரும் அதையே சேர்க்கிறார். ஆனால் வலி போனாலும் பல்லில் விழுந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். கிராம்பு இன்று ராத்திரிக்கு. டாக்டர் நாளைக் காலைக்கு.

படர்தாமரை: லுங்கி, துண்டு, ஜட்டி மாற்றிப் போட்டுக்கொள்கிற பாசத்தின் பரிசு! குளித்ததும் இடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். துணியை வெயிலில் காயப் போடுங்கள். அவரவர் துண்டு அவரவருக்கே. பாதிக்கு மேல் இதிலேயே தடுத்துவிடலாம். வந்த பிறகு கடையில் கேட்டு வாங்குகிற பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நாலு நாளில் அரிப்பு நிற்கும். விட்டதும் இரண்டு மடங்காகப் படரும். தோல் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிற நாள் வரை மருந்து போடுவதே சிக்கனம்.

குணமானது எதனாலே?

இங்கே ஒரு நிமிஷம் யோசிப்போம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் குணமானவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காமாலை என்பது ஒரு நோய் அல்ல, கல்லீரலிலோ பித்தப் பாதையிலோ ரத்தத்திலோ கோளாறு என்று காட்டுகிற சிவப்பு விளக்கு. அசுத்தத் தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ்-ஏ காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் நாம் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்! பித்தக்கல்லால், எலிக்காய்ச்சலால் வருகிற காமாலை அப்படி இல்லை.

கீழாநெல்லியை யாரும் சோதிக்காமலும் விட்டுவிடவில்லை. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், ஹெபடைடிஸ்-பி கிருமி உடம்பில் தங்கியவர்களுக்கு அதன் பொடியைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் அதே மாதிரி கிடைக்கவில்லை. ஒரு ரீடிங்கை வைத்து நாம் கிராஃப் போடுவோமா? திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம் இல்லையா? மருந்துக்கும் அதே நியாயம்தான்.

"இயற்கைதானே, பக்கவிளைவு வராது" என்பதும் சரியில்லை. எட்டிக்காயும் ஊமத்தங்காயும்கூட இயற்கைதான்!

நம் பட்டறையில்...

இது நமக்கென்றே உள்ள பகுதி. கண்ணாடித் திரை இல்லாமல் வெல்டிங் பொறியைப் பார்த்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்தில் கண்ணில் மணலை வாரிக் கொட்டினது போல எரியும். புற ஊதாக்கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டதால் வருவது அது. உருளைக்கிழங்கு வைக்கிறார்கள், வெங்காயச் சாறு விடுகிறார்கள், தாய்ப்பால்கூட விடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடுவதால் பெயர் உருளைக்கிழங்குக்குப் போகிறது. புண்ணான கருவிழியில் கண்டதை விட்டால் கிருமி புகுந்துவிடும். கண்ணைக் கசக்காமல், மூடி இருட்டில் ஓய்வு கொடுத்து, கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

கிரைண்டிங்கில் தெறித்த இரும்புத் தூள் கண்ணில் பட்டால் சிலர் துணி நுனியால் எடுப்பார்கள், சிலர் நாக்கால்கூட எடுப்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அது குத்தி உட்கார்ந்திருந்தால் பார்வையே போகலாம். நேராக ஆஸ்பத்திரிதான்.

சூட்டுக் காயத்துக்கு டூத்பேஸ்ட், இங்க், நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். சூடு மேல்தோலோடு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர்தான் அதை இழுத்து வெளியே கொண்டு போகும். ஹீட் டிரீட்மென்ட்டில் படித்ததுதானே! மேலே எதையாவது பூசினால் டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

நோ-கோ முனை: இவை இருந்தால் கை வைத்தியம் ரிஜெக்ட்!

1. மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். "விட்டுடுச்சு" என்று நிம்மதியாகும்போது கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி வந்தால் உடனே ஓடுங்கள். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது உண்மைதான். அதைக் குடித்தாலும் ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. டெங்குவாக இருக்கலாம் என்கிறபோது பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, வலி ஊசி கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமாலும் 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 8-ஐத் தாண்டவே கூடாது. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், அட்டையைப் படியுங்கள்.

2. வயிற்றுப்போக்கில் ரத்தம், பல மணி நேரம் சிறுநீரே போகாமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது, மயக்கம்.

3. நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, மூச்சு முட்டல். "வாயுதான், பூண்டு சாப்பிடு, சோடா குடி" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை அப்பாக்களை இழந்திருக்கிறோம்! 108-க்கு போன் பண்ணுங்கள்.

4. வாய் கோணுதல், ஒரு கை ஒரு கால் தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். இது பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்குச் சுமார் நாலரை மணி நேரம்தான் அவகாசம். எண்ணெய் தேய்க்கிற நேரமில்லை.

5. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். காசநோயா என்று அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கலாம்.

6. நாய்க்கடி. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி. வெறிநோய் அறிகுறி வந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை. பாம்புக்கடியென்றால் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்டவரை அசைய விடாமல் ஆஸ்பத்திரிக்கு.

7. சர்க்கரை நோய் உள்ளவர் காலில் எந்தப் புண் வந்தாலும்.

ஏழாவதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. எங்கள் பெரியப்பா கொத்து வேலை செய்தவர். கால் பெருவிரலில் சின்ன வெட்டு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார்கள். வலி இல்லை, அதனால் ஆறிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். சர்க்கரை நரம்பைக் கெடுத்து வலியே தெரியாமல் பண்ணியிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. ஐந்தாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மஞ்சளின் மேல் பழி போட நான் வரவில்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது புதுக் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் 1995-ல் வாங்கிய காப்புரிமையை, "இது எங்கள் பாட்டிகளுக்கே தெரியும்" என்று நம் நாட்டு சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பெரியப்பாவுக்கு மஞ்சளோடு சேர்த்து ஒரு சொட்டு ரத்தமும் சோதித்திருந்தால் இன்றைக்கும் சாரத்தில் ஏறிக்கொண்டிருப்பார்.

ஏன் போகவில்லை? அறியாமை மட்டும் காரணமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. போனாலும் எந்தக் கவுண்டர், எந்தச் சீட்டு என்று தெரியாது. கேட்கக் கூச்சம். நம்மில் பல பேர் வீட்டில் நிலைமை இதுதான்.

அதனால்தான் இதைச் சொல்கிறேன், நண்பர்களே. நம்மைப் போல வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கு, எக்ஸ்பயரி ஆச்சா, இதுக்கு டாக்டர்கிட்டே போகணுமா என்று வீடே நம் முகத்தைத்தான் பார்க்கிறது. நாம் டாக்டர் இல்லை. கேஜ் பிடிக்கத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். கோ என்றால் பாட்டியின் கஷாயத்தை நன்றியோடு வாங்கிக் குடிப்போம். நோ-கோ என்றால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவோம். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக, அப்பா அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து வாருங்கள். செலவில்லை, அரை நாள்தான். டிப்ளமோ வாங்கும் முன்பே நம் படிப்பு வீட்டுக்குச் செய்கிற முதல் உபகாரம் அதுவாக இருக்கட்டும்!