மங்கிய வர்ணத்தின் அடியில்

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உருவாகி, 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடரும், பம்பாயின் பிரீமியர் பத்மினியும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இன்றும் நம் ஊர்களில் சில வீட்டு முகப்புகளை அலங்கரித்து நிற்கக் காணலாம். இன்ஜினைச் செம்மையாகப் பராமரித்து, இருக்கைகளுக்குப் புதிய உறை தைத்துப் போட்டிருக்கும் உரிமையாளர் பலர், பானெட்டின் மீதும் கூரையின் மீதும் சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வெளிறிக் கிடக்கும் வர்ணத்தை மட்டும் முதுமையின் தவிர்க்க முடியாத லட்சணமென்று விட்டுவிடுகிறார்கள். அல்லது அவசரப்பட்டு முழு வண்டியையும் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது மார்க்கம் ஒன்று உண்டு. பொறுமையும் சிரத்தையும் உள்ள எவரும் அதை வீட்டு நிழலிலேயே கைக்கொள்ளலாம்.

வர்ணப் பூச்சு என்பது, நிறத்தைத் தரும் நுண்பொடியும், அப்பொடியைப் பிணைத்துத் தகட்டோடு ஒட்டவைக்கும் பிசினும் சேர்ந்த மெல்லிய படலம். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஆண்டுக்கணக்கில் தாக்கத் தாக்க, மேற்புறத்துப் பிசின் சிதைந்து, பிடிப்பிழந்த நிறப்பொடி தொட்ட விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வழுவழுப்பாக இருந்த பரப்பு இவ்வாறு கரடாகிவிட்டபின், அதன்மீது விழும் ஒளி ஒரு சீராகத் திரும்பாமல் நாலாபுறமும் சிதறுவதால் நம் கண்ணுக்கு மங்கல் தோன்றுகிறது. வெயிலை நேராக ஏற்கும் பாகங்கள் முதலில் வெளிறுவதும், கதவைத் திறந்து பார்த்தால் உள்ளோரத்தில் ஆதி நிறம் அப்படியே இருப்பதும் இதனால்தான்.

ஆகவே பாலிஷ் போடுவது என்பது பிரகாசத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதன்று. சிதைந்த மேலடுக்கைக் கழித்து, அடியில் பழுதுறாதிருக்கும் வர்ணத்தை வெளிக்கொணர்வதே அதன் உண்மை. தொழிற்சாலைப் பூச்சு முழுவதும், அடிப்பூச்சான பிரைமரையும் சேர்த்து, சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனமே உடையது. தலைமயிர் ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும். தேய்த்தெடுத்தது திரும்பி வராது. காரியம் கைகூடுவதற்கு எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் போதுமோ அவ்வளவோடு நிறுத்துவதே இக்கலையின் தலையாய விதி.

முதலில், வர்ணம் எவ்வகையது என்று அறிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் நிறமே மேற்பரப்பாக அமைந்திருக்கும்; பிற்காலத்து வண்டிகளில் நிறத்தின் மீது கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சொன்று இருக்கும். கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிது பாலிஷை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால், நீல வண்டியில் துணி நீலமாகவும் சிவப்பு வண்டியில் சிவப்பாகவும் மாறுமாயின் அது முதல் வகை. நிறம் ஏறாவிட்டால் பெரும்பாலும் இரண்டாவது வகை. வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணியைக் கொண்டு பார்ப்பதே தக்கது. கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்திருந்தாலோ, வர்ணத்தின் அடியில் துரு கிளம்பியிருந்தாலோ, எந்தப் பாலிஷும் அதைச் சீராக்காது. அதற்குப் பெயிண்டரே வேண்டும்.

நிழலில் நிறுத்தித் தகடு குளிர்ந்தபின், கார் ஷாம்பூ கலந்த நீரால் மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். துணியை அலசுவதற்குத் தனி வாளி வைத்தால், மணல் மீண்டும் வண்டிக்கு ஏறாது. கழுவித் துடைத்தபின் கையை மெல்லிய பிளாஸ்டிக் பையினுள் நுழைத்துப் பானெட்டின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு எட்டாத நெருநெருப்பு அப்போது தெளிவாகத் தெரியும். அது தார்த்துளியும் இரும்புத் தூசியும் பூச்சில் பதிந்திருப்பதன் அடையாளம். பரப்பை நன்கு ஈரமாக்கி, கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியை அழுத்தாமல் வழுக்கவிட்டால் அவை பெயர்ந்து வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் அதை மறுபடி உபயோகிக்கலாகாது. ஒட்டிய ஒரு மணலே நீண்ட கீறல்களை உண்டாக்கும்.

அடுத்தது தேய்க்கும் வேலை. வண்டி முழுவதையும் தொடுமுன், இரண்டடிச் சதுரமான ஓரிடத்தில் மிக மிருதுவான பாலிஷைப் பரிசோதித்து, அது போதாவிட்டால் மட்டுமே அதைவிடக் கடுமையாகத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்டை நாட வேண்டும். அம்பாசடரின் மட்கார்டு வளைவுகளிலும் கதவு விளிம்புகளிலும் வர்ணம் எளிதில் தேய்ந்து தகடு வெளிப்பட்டுவிடுமாதலால், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது நலம். கையாலேயே செய்யலாம். இயந்திரம் வேண்டுவோர், சுழல்வதோடு அசைந்தும் கொடுக்கும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரைத் தேர்வது உசிதம், ஏனெனில் ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் பழகாத கையில் சூடேறி வர்ணத்தைக் கருக்கிவிடும். நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்ல நகர்த்தி, நிறம் அப்பிய பாலிஷ் பேடை அடிக்கடி சுத்தம் செய்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பார்த்தால், வெளிறிய பாதிக்கும் தெளிந்த பாதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். நகம் சிக்குமளவு ஆழமான கீறலை முற்றும் போக்க முயல வேண்டாம். அதை மழுக்கி விடுவதே வர்ணத்துக்குக் க்ஷேமம். பழைய வர்ணங்களில் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடுமாதலால், வாட்டர் பேப்பர் பிடிக்க நேர்ந்தால் நீர் விட்டே தேய்க்க வேண்டும். உலர்ந்த தூளைச் சுவாசிக்கலாகாது.

வெளிப்பட்ட வர்ணத்துக்குக் கவசம் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னாபா மெழுகு நல்ல பொலிவைத் தரும். ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் அது சில வாரங்களில் தேய்ந்துவிடுமாதலால் மறுபடி பூச வேண்டும். போர் தண்ணீரால் கழுவினால் வெயிலில் உலர விடாமல் உடனே துடைப்பதும், பறவை எச்சத்தை நனைத்து ஊறவைத்து எடுப்பதும், தூசி படிந்த வண்டியின் மேல் உறையைப் போர்த்தாதிருப்பதும் அவசியம். இவற்றையெல்லாம் தவறாமல் செய்துவருகிறவர் ஆண்டுதோறும் காம்பவுண்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. தொழிற்சாலையில் பூசிய அந்த முதல் வர்ணத்தை, வண்டியை அடுத்து வாங்குகிறவருக்கும் எஞ்சும்படி அவர் காப்பாற்றித் தருகிறார்.