கனத்த பம்பரும் கெப் வண்டியின் வில்லும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வந்த குடும்பங்களுள் பல, நுரைச்சோலை, ஆலங்குடா மணலில் கிணறு வெட்டி, மிளகாயும் வெங்காயமும் மரக்கறியும் செய்து மீண்டும் தலையெடுத்தன. விளைந்ததைப் பாலாவிச் சந்தி கடந்து புத்தளத்துக்கோ, 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ கொண்டுபோக வண்டி வேண்டும். சகோதரர் இருவர் மூவர் சேர்ந்து, லீசிங் கட்டி, பழைய கெப் ஒன்றை வாங்குகிறார்கள். அது ஓடாத நாளில் தோட்டத்தில் பறித்தது வாடிவிடும்.

அவ்வாறு வாங்கப்படும் கெப் வண்டிகள் பலவற்றின் முன்னால் தடித்த இரும்புப் பம்பர் ஒன்று இருப்பதைக் காண்கிறோம். முன்னைய உரிமையாளர் பொருத்தியது சில. வாங்கிய பின் நம்மவரே பற்றவைப்பித்தது சில. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது, முன் டயர் ஒருபக்கமாகத் தேய்கிறது, பிறேக் போட்டால் முன்புறம் அமிழ்கிறது என்று எம்மிடம் கேட்போருக்காகவே இதனை எழுதுகிறோம்.

வடக்கில் துலா மிதித்து நீர் இறைத்த பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முன்சில்லுகளைத் துலாக்கால் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பம்பர் அந்தக் காலுக்கு மேலே இல்லை. அதற்கு முன்னால், நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே அது முன்பக்கத்தை அமுக்குவதோடு பின்பக்கத்தையும் சற்றுத் தூக்குகிறது. உதாரணமாக, 60 கிலோ பம்பரின் பாரம் முன்அச்சிலிருந்து 80 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3 மீற்றர் என்று வையுங்கள். முன்அச்சில் 76 கிலோ கூடும். பின்அச்சில் 16 கிலோ குறையும். பின்சில்லின் பிடி குறைவது, சுமையற்ற வண்டி ஈர வீதியில் பிறேக் போடும்போது தெரியும். வின்ச் ஒன்றும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும். வண்டி சட்டப்படி ஏற்றக்கூடிய பாரத்திலும் அந்த 60 கிலோ கழிந்துபோகிறது. ஒரு மூட்டைக்கும் மேற்பட்ட வெங்காயம் ஒவ்வொரு பயணத்திலும் வீட்டில் நின்றுவிடுகிறது என்பது இதன் பொருள்.

இனி, தாழ்ந்த முன்புறத்தை எப்படிச் சீராக்குவது? முதலில் குனிந்து, உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் எந்த வகை வில் இருக்கிறது என்று பாருங்கள்.

2005க்கு முற்பட்ட மிட்சுபிஷி எல்200, முதலாவது இசுசு டி-மெக்ஸ் போன்றவற்றின் முன்புறத்தில் முறுக்குக் கம்பி உண்டு. வண்டியின் அடியில் நீளவாட்டில் ஓடும் தடித்த உருக்குக் கம்பி அது. ஒரு முனை சில்லைத் தாங்கும் கையோடும், மறுமுனை ஒரு பெரிய போல்ட் மூலம் சட்டத்தோடும் பிணைந்திருக்கும். சில்லு மேலெழும்போது கம்பி முறுகி, அந்த முறுக்கினாலேயே பாரத்தைத் தாங்குகிறது. போல்டை இறுக்கினால் முன்புறம் உயரும். கராஜில் பத்து நிமிடத்தில் இதைச் செய்து தந்துவிடுவார்கள்.

ஆனால் உயர்ந்ததைக் கண்டு வில் பலப்பட்டுவிட்டது என்று நம்பக்கூடாது. மேசையின் காலுக்குக் கீழே செங்கல் வைத்தால் மேசை உயரும், கால் பலப்படாது. கம்பி அதே கம்பிதான். இழந்த உயரத்தை மீட்பதற்கு மட்டும் போல்டைத் திருப்பலாம். "இன்னும் கொஞ்சம் தூக்குங்கள், பார்வையாக இருக்கும்" என்று கேட்டு அதற்கு மேலே போனால், சில்லு பள்ளத்தில் கீழே இறங்க இடமின்றித் தடுப்பில் இடிக்கும். போல் ஜொயின்ற் விரைவில் தேயும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியானால் முன்அச்சுத் தண்டின் மூட்டுகளும் கோணலாகி உடையும்.

செய்யும் முறை இது. பம்பர் பொருத்துவதற்கு முன்பே, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை நான்கு சில்லிலும் அளந்து எழுதி வையுங்கள். பம்பரோடு வாங்கியவர்கள் அதே மாதிரியான, பம்பர் இல்லாத நல்ல வண்டியொன்றில் அளவெடுக்கலாம். அளப்பது மணலில் அல்ல, சமமான சீமெந்துத் தரையில். டயர்க் காற்று சரியாக இருக்க வேண்டும். பின், சட்டத்தின் கீழ் ஜக் வைத்து முன்சில்லுகள் தொங்கும்படி தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சீமெந்துக் கல் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவது இங்கு வழக்கமாகிவிட்டது. அந்தக் கல் எச்சரிக்கை தராமல் வெடிக்கும். கீழே படுத்திருப்பவர் குடும்பத்தின் உழைப்பாளி.

எமது கடற்காற்றில் அந்தப் போல்ட் துருவேறி இறுகியிருக்கும். கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். வெளியே தெரியும் புரியை எண்ணிப் பெயின்றால் அடையாளமிடுங்கள். இருபக்கமும் ஒரு சுற்று மட்டும் திருப்பி, வண்டியை இறக்கி, சில மீற்றர் முன்னும் பின்னும் ஓட்டிய பிறகே அளக்க வேண்டும்; இறக்கியவுடன் எடுத்த அளவு பொய். முறுக்கு ஏறியிருக்கும்போது போல்டை முழுவதும் கழற்ற ஒருபோதும் முயலாதீர்கள். அந்தக் கம்பி விடுபட்டால் எலும்பை முறிக்கும்.

2005க்குப் பின் வந்த ஹைலக்ஸ் போன்றவற்றின் முன்புறத்தில் சுருள்வில் உண்டு. அதில் திருப்புவதற்குப் போல்ட் இல்லை. மேலே வளையம் வைத்து உயர்த்துவது செங்கல் வைத்த கதையே. பம்பரின் எடைக்கேற்ற கனமான சுருளை மாற்றுவதே வழி. கங்காருவுக்கும் மாட்டுக்கும் அஞ்சிப் பம்பர் பூட்டும் அவுஸ்திரேலியாவில், பம்பரின் எடையைச் சொல்லி அதற்குரிய சுருளையும் கேட்டு வாங்குகிறார்கள். சுருளை அமுக்கிக் கழற்றும் வேலையை உரிய கருவி உள்ள கராஜிலேயே செய்விக்க வேண்டும். பட்டா லொறிக்கு முன்னும் பின்னும் வில்லுத்தகடுதான், தகடு சேர்க்கலாம். ஆனால் பழைய தகட்டை உலையில் காய்ச்சி வளைத்தால் பதம் போய், சில மாதங்களில் மறுபடியும் படுத்துவிடும்.

ஷொக் அப்சோபர் பாரம் தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. வண்டி தாழ்ந்ததற்கு அதை மாற்றிப் பயனில்லை.

உயரம் மாறினால் சில்லின் சாய்வும் மாறும். தாழ்ந்த வண்டியில் டயரின் உட்பக்கம் தேயும், அளவுக்கு மேல் உயர்த்தியதில் வெளிப்பக்கம் தேயும். ஆகவே வீல் அலைன்மென்ற் செய்யாமல் வேலை முடியாது. அதன் கூலி ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் சிறிதே.

பின்பக்கத்தில் பெரும்பாலானோர் அறியாத ஒன்று உண்டு. பல கெப் வண்டிகளில் பின்அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு தண்டோடு கூடிய பிறேக் வால்வு இருக்கும். பின்புறம் தாழ்ந்திருந்தால் சுமை இருக்கிறதென எண்ணிப் பின்பிறேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்திருந்தால் குறைக்கும். கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் தகடு சேர்த்து உயர்த்தியவர்கள் இந்தத் தண்டையும் சீராக்காவிட்டால், சுமை நிறைந்த வண்டியை வெறும் வண்டியென வால்வு கணிக்கும். பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது பின்பிறேக் பிடிக்காதது அப்போதுதான் தெரியவரும்.

இவ்வளவும் சொன்ன பின், பம்பர் தேவைதானா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. கருவலகஸ்வெவப் பக்கம் யானை கடக்கும் என்கிறார்கள். வளர்ந்த யானையின் எடை மூன்று நான்கு தொன். பம்பர் அதை நிறுத்தாது, இரவில் மெதுவாகப் போவதே காப்பு. சட்டத்தோடு பற்றவைத்த இரும்பு, மோதலின் அதிர்ச்சியை உள்ளே இருப்பவருக்கே கடத்துகிறது. காற்றுப்பை உள்ள வண்டியில் அது விரியும் நேரத்தையும் குழப்பக்கூடும். வீதியோரம் நடக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும், தலவில திருவிழாவுக்கு வரும் யாத்திரிகருக்கும் அது இன்னும் கொடியது. இக்காரணத்துக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இத்தகைய முன்காப்புகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. இலங்கையிலும் 2025 ஆரம்பத்தில் பொலிஸார் வாகனங்களின் அனுமதியற்ற மேலதிகப் பாகங்களை அகற்றுவிக்கத் தொடங்கினர். புதிதாகப் பொருத்த நினைப்பவர் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிப்பது நல்லது.

கழற்றிவிட முடிவு செய்பவர்கள், முன்பு இறுக்கிய போல்டை எண்ணிய அதே அளவு தளர்த்தி, மறுபடியும் அளந்து, அலைன்மென்றும் முன்விளக்கின் உயரமும் பார்க்க வேண்டும். கழற்றாதவர்கள் ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் ஒரு தடவை அளந்து பாருங்கள். புதிதாகத் திருப்பிய கம்பி சற்று இறங்கியிருக்கும். போல்டின் புரியில் கிறீஸ் பூசி, பழைய டியூப் துண்டொன்றைச் சுற்றிக் கட்டிவிட்டால் உப்பும் மணலும் ஏறாது.