தொழிலும் எழுத்தும்

எழுதுவதற்கு ஓய்வு வாய்க்கவில்லையென மாணவர் பலர் கூறக் கேட்கின்றோம். ஓய்வுதான் இலக்கியத்தின் தாயோ?

1927 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த டொமினிக் ஜீவா, இளமையிலேயே பள்ளிப்படிப்பை இழந்து, சிகை திருத்தும் தொழிலால் வாழ்ந்தவர். அந்தக் கடையையே தமது சர்வகலாசாலையாகக் கொண்டார். அங்கு வந்தோரின் பேச்சிலே சாதிக்கொடுமையும் வறுமையும் கதைகளாகத் திரண்டன. 1960 இல் வெளிவந்த அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 இல் ‘மல்லிகை’ மாசிகையைத் தொடங்கினார். இதழ்களைத் தாமே சுமந்து விற்று, போர்க்காலத்தையும் கடந்து, 40 ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 2021 இல் மறைந்தார்.

நல்ல காலம் வரட்டுமென்று அவர் காத்திருந்தாரல்லர். அடுத்த இதழுக்கான வேலையை இன்றே தொடங்குவதுதான் அவர் கண்ட நம்பிக்கை. ஆதலின் இளைஞரே, அன்றாடத் தொழிலை எழுத்தின் பகையெனக் கருதாதீர். உங்கள் கதைமாந்தர் அங்கேதான் நடமாடுகின்றனர்.