இடுப்பிலிருந்து தோளுக்கு

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த ஸ்டோரில் ஆறு குடித்தனங்களுக்கு ஒரு கிணறு, தெருவுக்கு ஒரு அடிபம்பு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், துணி அலசலாம், பாத்திரம் தேய்க்கலாம். அதில் துவரம்பருப்பைப் போட்டால் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீருமே தவிரப் பருப்பு வேகாது. சோப்பும் நுரைக்காது. பம்பில் வருவதுதான் ‘நல்ல தண்ணி’. “நல்ல தண்ணி வந்துடுச்சா?” என்று யாராவது குரல் கொடுத்தால் எங்களுக்கு விடிந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அப்போது மணி நாலுகூட ஆகியிருக்காது.

அடிபம்பு எடுத்தவுடனே தண்ணீர் தந்துவிடாது. உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து கிடக்கும். முந்தின நாள் எடுத்துவைத்த ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, விடாமல் அடிக்க வேண்டும். முதலில் வெறும் காற்று வரும், பிறகு கொடகொடவென்று ஒரு செருமல், அதன் பிறகு துருநிறத்தில் கொஞ்சம். அதைத் தெருவில் கொட்டிவிட்டுக் குடத்தை வைத்தால், அடிக்கு அரைச் சொம்பு வீதம் நிறையும். கைப்பிடியில் தொங்கி அடிப்பது என் வேலை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போவது அம்மாவின் வேலை.

பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் என்றால் 15 கிலோ. இடது இடுப்பில் குடம், வலது கையில் ஒரு வாளி. எங்களுக்கு நாளைக்கு எட்டுக் குடம். அம்மாவின் புடவையில் இடது இடுப்புப் பக்கம் காலை பத்து மணி வரைக்கும் ஈரமாகவே இருக்கும். குடத்தின் வளைவு அழுந்தி அழுந்தி அந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் அந்தக் காய்ப்பு இல்லை.

அந்தக் காலத்துத் தண்ணீரைப் பற்றி உருகி எழுதுகிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடுப்புதான் ஞாபகம் வருகிறது. ராட்டினச் சத்தம், தாம்புக் கயிறு, செம்புக் குடம், தேன்போலக் கிணற்றுத் தண்ணீர் என்றெல்லாம் எழுதுகிறவர்களில் அநேகம் பேர் ஆண்கள். குடித்தவர்கள், சுமந்தவர்கள் இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தத் தாம்புக் கயிறு எல்லார் கைக்கும் வந்ததில்லை. ஊர்க் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நின்று, யாராவது இறைத்து ஊற்றுவார்களா என்று காத்திருந்தவர்களின் பிள்ளைகள் அதைத் தேன் என்று எழுத மாட்டார்கள். அதெல்லாம் பழங்கதை என்றும் சொல்லிவிட முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதியினர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது.

1983 கோடையில் பம்பும் கைவிட்டது. எவ்வளவு அடித்தாலும் காற்றுதான். லாரி வந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆட்களுக்குப் பதில் குடங்கள் வரிசையில் நின்றன. பச்சை, ஊதா, ஆரஞ்சு. குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடித்தார்கள். செங்கல்லை நகர்த்திவிட்டதற்காக இரண்டு வீடுகள் மூன்று வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். லாரி திரும்பும் சத்தம் கேட்டதும் அடுப்பில் இருப்பது அப்படியே கிடக்க எல்லோரும் ஓடுவார்கள். எங்கள் தெருவில் அந்த மாதங்களில் கருகாத குழம்பு அபூர்வம்.

இந்த ஊருக்குத் தண்ணீர் எப்போதும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு 1772இல் ஏழு கிணறு போதுமாயிருந்தது. பிறகு செங்குன்றம் ஏரி, அதற்கும் பிறகு பூண்டி. தாகம் கூடக்கூடத் தூரமும் கூடியது. நாங்கள் செங்கல் வைத்துக் காத்திருந்த அதே 1983இல்தான் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. கிருஷ்ணா தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டபோது 1996 ஆகிவிட்டது. வீராணம் ஏரியின் கதை இன்னும் நீளம். முதல் முயற்சி பாதியில் நின்றுபோய், ராட்சதக் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்தன. தண்ணீர் ஓட வேண்டிய குழாய்க்குள் மனிதர்கள் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தினார்கள். ஏரித் தண்ணீர் நிஜமாகவே சென்னைக்கு வந்தது 2004இல். 2010இல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடலையே குடிநீராக்கத் தொடங்கினார்கள், நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர். மூன்று வருஷத்தில் நெம்மேலியிலும் அதே அளவுக்கு ஓர் ஆலை. உப்பை வடிகட்டக் கடல்நீரைச் சவ்வுகளுக்குள் பேரழுத்தத்தில் தள்ள வேண்டும். அந்தச் சுமை மின்சாரத்தின் தலையில்.

2019 ஜூலையில் ரயிலே தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் வந்து நின்ற அந்த ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “இத்தனை குடத்தை யாரு எறக்குவா?” இறக்கியது பம்புசெட்டுதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இப்போது வேளச்சேரியில் ஒரு பழைய அடுக்குமாடி, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, எந்நேரமும். அம்மாவுக்கு இது இன்னும் முழுதாக நம்பிக்கைப்படவில்லை. குளியலறையில் இரண்டு வாளி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. குழாயில் வருவது போர் தண்ணீர், நாலு மாதத்தில் ஷவரின் துளைகளை வெள்ளைப் படிவம் அடைத்துவிடும். திருவல்லிக்கேணிக் கிணற்றின் தம்பி என்று சொல்லலாம். பருப்பு இதிலும் வேகாது. கீழே மழைநீர் சேகரிப்புக்கென்று, 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழி ஒன்று இருக்கிறது. அதன் மூடிமேல் இப்போது மூன்று ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அதில் ஒன்று என்னுடையது.

ஆகவே நல்ல தண்ணிக்கு கேன். 20 லிட்டர், 35 ரூபாய், மாடிக்கு ஐந்து ரூபாய் கூடுதல். குடிக்க மட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு பருப்புக்கு, பிறகு காபிக்கு, இப்போது அரிசி களைவதைத் தவிர எல்லாச் சமையலுக்கும் அதுதான். தண்ணீருக்கு அன்றும் எங்கள் வீட்டில் ஜாதி இரண்டு, இன்றும் இரண்டு. அம்மாவின் இடுப்பில் இருந்த 15 கிலோ, 20 கிலோவாக ஏறி இன்னொருவரின் தோளுக்குப் போய்விட்டது. அதற்கு நாங்கள் கொடுக்கும் கூலி அந்த ஐந்து ரூபாய். இதை வசதி என்று சொல்ல எனக்கு நா எழுகிறது. முன்னேற்றம் என்று சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம்.

கேன் போடும் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வலது தோளில் நாலாய் மடித்த துண்டு, அதன்மேல் கேன் படுத்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவான். கேனைத் தரையில் இறக்கி, சீலைப் பிய்த்து, வாயைத் துண்டால் ஒரு துடை துடைத்து, ஒரே வீச்சில் தூக்கி டிஸ்பென்சர் மேல் கவிழ்ப்பான். ஒரு சொட்டு சிந்தாது. எனக்கு முதுகுவலி வந்த நாளிலிருந்து அந்தக் கடைசி வேலையும் அவனிடமே போய்விட்டது.

போன வாரம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவன் குனிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குனிஞ்சு தூக்காதப்பா. முட்டிய மடக்கி ஒக்காந்து, ஒடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு எழுந்திரு. தள்ளிப் புடிச்சா இடுப்பு போயிடும்.”

அவன் சிரித்துவிட்டு அப்படியே செய்தான். “நீங்க கேன் தூக்கினீங்களா பாட்டி?”

“கொடம். முப்பது வருஷம்.”

“எத்தனை மாடி?”

“மாடி இல்ல. ரெண்டு படிதான்.”

“அப்ப சரி” என்றான். காலி கேனை எடுத்துக்கொண்டான். “இன்னிக்கு இன்னும் நாப்பது கேன் இருக்கு பாட்டி, எல்லாம் மாடி.” அம்மா வேறு எதுவோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் இறங்கத் தொடங்கிவிட்டான். காலி கேன் கைப்பிடிச் சுவரில் இடித்து இடித்து எழுப்பிய சத்தம் தரைத்தளம் வரைக்கும் கேட்டது.