எட்டுப் பந்தும் எட்டு வருடமும்

எடப்பாடிப் பக்கம் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் கீப்பர் வேலைக்கு யாரும் முண்டியடிப்பதில்லை. ஓட முடியாதவனைப் பிடித்து ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்துவார்கள். டெஸ்டில் முழு நாள் என்றால் 90 ஓவர். 540 தடவை குத்தவைத்து எழ வேண்டும் என்பது நிற்பவனுக்குத்தான் தெரியும்.

அதே வட்டாரத்துச் சின்னப்பம்பட்டியில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் கட்டிய மைதானத்தை, 2023 ஜூனில் திறந்துவைக்க வந்தவர் ஒரு கீப்பர்: தினேஷ் கார்த்திக்.

அவருடையது ஏறிய கதை என்பதைவிடத் திரும்பத் திரும்ப வந்த கதை. 2004 செப்டம்பரில், 19 வயதில், லார்ட்ஸில் முதல் ஒருநாள் ஆட்டம். ஹர்பஜன் பந்தில் மைக்கேல் வானைப் பாய்ந்து ஸ்டம்பிங் செய்தார். அந்த டிசம்பரிலேயே இன்னொரு கீப்பர், தோனி, வந்துவிட்டார். அப்புறம் கையுறை ஏது? 2007-ல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, மூன்று டெஸ்டில் 263 ரன். இந்தியத் தரப்பில் அதுதான் அதிகம். ஆனாலும் 2010-க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட 2018 ஆனது. இடையில் இந்தியா ஆடியது 87 டெஸ்ட்.

அதே 2018 மார்ச்சில்தான் கொழும்பு. நிதஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி வங்கதேசம். தன்னை ஆறாவதாக இறக்கவில்லையே என்று கார்த்திக்குக் கோபம். கேப்டன் ரோஹித்தே பின்னால் சொன்னது. ஏழாவதாக இறங்கும்போது 12 பந்தில் 34 வேண்டும். ரூபெல் ஹொசைன் ஓவரில் 22 போனது. கடைசிப் பந்துக்கு ஐந்து ரன். சௌம்யா சர்க்கார் வீசியதை எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் தட்டையாக அடித்தார், சிக்ஸ். எட்டே பந்தில் 29. மறுமுனையில் நின்று தடுமாறிய நம் விஜய் சங்கருக்கும் அன்று அவர்தான் மானம் காத்தார்.

இந்தியாவின் முதல் டி20 ஆட்டத்தில் (2006) ஆட்டநாயகன் கார்த்திக். சர்வதேச டி20-யில் அவருடைய முதல் அரைச்சதம் வந்ததோ 2022-ல், ராஜ்கோட்டில், 37 வயதில்.

2024 ஜூன் 1, பிறந்தநாளன்று ஓய்வை அறிவித்தார். மறு ஜூனில் பெங்களூரு அணி முதல் ஐபிஎல் கோப்பையைத் தூக்கியபோது பேட்டிங் பயிற்சியாளர் அவர்தான். பேடு, கையுறை ஒன்றும் இல்லாமல் எல்லைக்கோட்டுக்கு வெளியே.